ஹெல்சிங்கிக்கு எத்தனை மணி நேரம்?

"ஏத்தா, அந்த ஊருக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும்?"

அப்பா வேலுச்சாமி கேட்டதும் வேல்விழி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். ஹெல்சிங்கியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்க இடம் கிடைத்து ஒரு வாரமாகிறது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் டிக்கெட் போட்டாக வேண்டும். இப்போது போய்ப் பயண நேரத்தைக் கேட்கிறார்.

"கொச்சியில இருந்து ஏழாயிரம் கிலோமீட்டர்ப்பா. ஒம்போது மணி நேரம்."

நேராகப் பறக்கும் விமானம் கிடையாது என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

அவர் முகம் மலர்ந்தது. போனோடு வாசலுக்குப் போய் யாரிடமோ முணுமுணுத்துவிட்டு, அரை மணி கழித்து வந்தார்.

"நேரா அங்கனதான் இறங்குமா?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "தோஹாவுல மாறணும். காத்திருக்கறதையும் சேத்தா பதினாலு."

மறுபடி வாசல், மறுபடி போன், மறுபடி அரை மணி. பெரியப்பாவாகத்தான் இருக்கும். பெண்கள் தேனிக்கு பஸ் ஏறினாலே வேண்டாம் என்பவர் அவர்.

"நம்ம வாசப்படியில இருந்து அங்கன வாசப்படி வரைக்கும்?"

"கூடலூர்ல இருந்து கொச்சிக்குக் காரு, ஏர்போர்ட்டுல காத்திருக்கறது... எல்லாம் சேத்து இருபத்தஞ்சுப்பா."

அவர் நெற்றி சுருங்கியது. வேல்விழி அவசரமாக ஒட்டுப்போட்டாள். "ஆனா அங்கன கடிகாரம் ரெண்டரை மணி நேரம் பின்னாடி. கழிச்சா இருபத்திரெண்டரைதான்!"

"முள்ளைத் திருப்பி வச்சா ஆச்சா? அதுக்கு அது தெரியுமா?"

எதற்கு என்று அவள் கேட்பதற்குள் அவர் மறுபடி போனோடு வாசலுக்குப் போய், அரை மணி கழித்துத் திரும்பினார்.

"பிளேனுக்குள்ள குளுருமா?"

மகள் நடுங்குவாளே என்று கவலைப்படுகிறார் போலும். "இல்லவே இல்லப்பா! வெதுவெதுன்னு இருக்கும்."

"போச்சு!" அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வாசலுக்குப் போய் போனில் கத்தினார். பிறகு அதை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

வேல்விழி லேப்டாப்பை மூடினாள். கண் கலங்கியது.

மேசையில் போன் அடித்தது. பெரியப்பா இல்லை; அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் சுருளி.

"அப்பா குளிக்கிறாக, சுருளியண்ணே."

"பாப்பாவா? நல்லதாப் போச்சு. அந்த ஊருக்கு எத்தனை மணி நேரம்னு ஒரே கணக்காச் சொல்லு தாயி. ஒம்போதுன்னாக, நல்ல பழமா ஒரு கூடை வெட்டினேன். பதினாலுன்னாக, அரைப்பழமா ஒரு கூடை. இருபத்தஞ்சுன்னாக, காயா ஒரு கூடை. இப்ப வெக்கை வேறயாம், இன்னொண்ணு வெட்டணுமாம். கொடியில இனி இலைதான் இருக்கு!"

"எதுக்குண்ணே இம்புட்டும்?"

"நீ கொண்டுபோற பன்னீர் திராட்சை அம்புட்டு நேரம் தாங்குமான்னு இப்பவே வச்சுப் பாக்கணுமாம். உங்கிட்டச் சொல்லலையா? உன்னைய அனுப்புறதுன்னு போன வாரமே முடிவு பண்ணிட்டாக. திராட்சையை அனுப்புறதுதான் இன்னும் முடிவாகல!"