முதலிடம், நடுவர்கள் ஏற்கவில்லை

பாலாவிச் சந்தியைக் கடந்துபோன தலைகளில் சாம்பியன் நானாவிடம் ஏச்சு வாங்காத தலை ஒன்றுகூடக் கிடையாது. சலூன் வாசலில் கத்தரிக்கோலோடு நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை மறிப்பார். “இது ஆரு வெட்டின? ஆடு மேஞ்ச மாதிரி இரிக்கி” என்பார். வந்தவர் மொட்டையர் என்றால், “சமமா வழிக்கல்ல” என்பார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; மூத்தவர் என்ற மரியாதைக்கு எல்லோரும் நானா என்றோம். சாம்பியன் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. அதுவும் எந்தப் போட்டிக்கும் போவதற்கு முன்பே.

யுத்தம் முடிந்து, கல்பிட்டிக் கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்த காலம். கொழும்பில் அகில இலங்கைச் சிகையலங்காரப் போட்டி நடக்கப்போவதாக யாரோ சொல்ல, நானாவுக்கு நித்திரை போய்விட்டது. போட்டிக்குத் தலையையும் நாமே கொண்டுபோக வேண்டுமாம். அவர் கண் என் தலையில் விழுந்தது. நான் அப்போது பக்கத்து உப்புக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். எனக்கு இரட்டைச் சுழி. எந்தப் பக்கம் சீவினாலும் மயிர் எழும்பி நிற்கும்.

“நல்ல தலையில எவனும் வெட்டுவான். இந்தப் பாழாப்போன தலையில வெட்டிக் காட்டினாத்தான் வெற்றி” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்றோடு என் தலை என்னுடையதாக இல்லை. போட்டிவரை கத்தரி படக்கூடாதென்று உத்தரவு. மயிர் காதை மூடிக் கழுத்தில் இறங்கிய நேரம் பார்த்து, கனமூலை ஊரிலிருந்து பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை பார்க்க வரப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் சலூனுக்கு ஓடினேன்.

“நானா, கொஞ்சம் குறைச்சு விடுங்க. பொண்ணு வீட்டார் வாராங்க.”

“பொண்ணு பொறகும் கிடைக்கும். போட்டி வருசத்துல ஒருக்காத்தான்.”

பெண்ணின் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாப்பிள்ள பாட்டுக் கோஷ்டியில இரிக்கிறாரோ?” என்று வாப்பாவிடம் கேட்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். நான் ஆத்திரத்தோடு போய்ச் சொன்னால், நானா என்னைவிட ஆத்திரப்பட்டார். “தலையைப் பாத்து ஆளை மதிக்கிறவங்களோட நீ எப்பிடி வாழுவாய்?” தலையைத் தவிர வேறெதையும் பார்த்து யாரையும் மதிக்காத மனுசன் சொன்ன பேச்சு அது.

கொழும்பில் பெரிய மண்டபம். மற்றவர்கள் கூட்டிவந்த பையன்கள் விளம்பரப் படத்திலிருந்து இறங்கியவர்கள்போல இருந்தார்கள். ஸ்பிரே அடித்து விறைத்த மயிர் கோபுரம் கோபுரமாக நின்றது. நானா ஒரு சொட்டு ஸ்பிரேயும் இல்லாமல் வெட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். என் இரண்டு சுழியும் ஒரே அலையாகப் படுத்திருந்தன. முதல் தடவையாக எனக்கே என்னைப் பிடித்தது.

நடுவர்கள் எங்கள் கதிரைக்கு முன்னால் நிற்கக்கூட இல்லை. உயரமான கோபுரத்துக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

நானா மேடையில் ஏறி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார்: “மாத்தயா, ஏசிக்குள்ள எந்தத் தலையும் நிக்கும். காத்துல நிக்குமா?”

நடுவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூலையில் நின்ற பெரிய மின்விசிறியை நானா உருட்டி வந்து, வேகத்தைக் கூட்டி, பரிசு வாங்கியவர்கள் பக்கம் திருப்பினார். முதலிடம் அப்படியே சரிந்தது. இரண்டாமிடம் பிளந்து காதோரம் தொங்கியது. மூன்றாமிடம் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடியது. பிறகு விசிறி என் பக்கம் திரும்பியது. என் மயிர் பறந்தது, காற்று விலகியதும் வெட்டிய இடத்திலேயே வந்து படுத்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அதற்குள் காவலாளிகள் வந்து எங்கள் இருவரையும் றோட்டில் விட்டார்கள்.

சிலாபம் தாண்டும்வரை பஸ்ஸில் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதன்பிறகு, “முன்சீட்டுக்காரன்ட பிடரி கோணல்” என்றார். அடுத்த வாரம் சலூனில் புதிய பலகை தொங்கியது: ‘அகில இலங்கைப் போட்டியில் முதலிடம். நடுவர்கள் ஏற்கவில்லை.’

இன்னொரு போட்டிக்குத் தலையைக் கேட்பாரோ என்று பயந்து, அதற்குப் பிறகு கனகாலம் நான் அவர் கடைப்பக்கம் போகவில்லை. கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வாப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார். கேள்விப்பட்ட நானா, யாரும் அழைக்காமலே பெட்டியோடு வந்து நின்றார். வாப்பாவின் தலையைப் பார்த்ததும் எனக்குத்தான் ஏச்சு.

“சீக்காளி எண்டா ஏனோதானோ எண்டு விடுறதா? மனுசன் எப்பிடிச் சுவரை விட்டுத் திரும்புவாரு?”

போட்டியில் வெட்டியதைவிட மெதுவாக வெட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் எட்ட நின்று பார்த்தார். மறுபக்கத்துக்கு வாப்பாவின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் கைக்கண்ணாடியை நீட்டினார். வாப்பா அதை நல்ல கையால் வாங்கி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நானா பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினார். கண்ணாடியைக் கேட்கவில்லை.