மைக்ரான் சார் வாங்கிய கிரைண்டர்

மகள் கல்யாணத்துக்காக நிலத்தை அடகு வைத்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்தையே ஒரு காபிக் கொட்டை கிரைண்டரிடம் அடகு வைத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மைக்ரான் சார். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

அரியலூரில் செந்துறை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. அவர் எனக்கு அடுத்த வீடு. ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை பார்த்தவர். அரைத்து வருகிற சிமெண்ட்டைச் சலித்து, எவ்வளவு நைஸ், எவ்வளவு கரடு என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். அந்தப் பொடியை அளக்கிற அளவுக்குப் பெயர் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. வேலையை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒரு பொடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துக்கொண்டே பேசுவார். ஒரு மார்கழிக் காலையில் என் மனைவி போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து மாவைத் தேய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது முந்நூறு மைக்ரானுக்கு மேல நிக்கும்மா. அதான் கோடு திப்பி திப்பியா வுழுது."

அன்றிலிருந்து அவர் தலை தெரிந்தால் என் மனைவி பாதிக் கோலத்தோடு உள்ளே வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றார். அரைப்பதற்கும் சலிப்பதற்கும் ஒன்றும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து ரேஷன் கோதுமையை முறைத்துக்கொண்டிருந்தார். பெரம்பலூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் அவர் மகள் அகிலா, அப்பா இப்படியே போனால் ஆபத்து என்று பயந்து, கையால் அழுத்துகிற எஸ்பிரெசோ மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு போலீசில் சரணடைந்தவன் மாதிரி நிற்கும். நடுவில் காபிப் பொடியை அமுக்கி வைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கை இரண்டையும் கீழே அழுத்தினால் கெட்டியாக ஒரு வாய் காபி இறங்கும். ஒரு வாய்தான். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற அளவு.

பிரச்சினை பொடியில் ஆரம்பித்தது. கடைப் பொடியைப் போட்டார், தண்ணீர் கடகடவென்று ஓடிவிட்டது. திருச்சியிலிருந்து வறுத்த கொட்டையை பஸ்ஸில் வரவழைத்து மிக்சியில் போட்டார். அதுவும் சரிப்படவில்லை.

"மிக்சி அரைக்காது தம்பி, அடிக்கும்" என்றார் என்னிடம். "அடிச்சா பாதி கல்லா நிக்கும், பாதி மாவாப் போயிடும். தண்ணி கல்லு இருக்கற பக்கமாப் பாத்து ஓடிடும். மாவு கசக்கும், கல்லு புளிக்கும். ரெண்டும் ஒரே வாயில."

அடுத்து கொட்டையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனார். அவருக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று அவர் கொடுத்த ஒரு வாயைக் குடித்த எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சாயங்காலம் வரை யாரிடமும் பாலிசி பேசவில்லை. பின்னால் வந்து கேழ்வரகு அரைத்த அம்மாள் தன் கூழில் காபி வாசம் வருகிறதென்று மில்காரரிடம் சண்டைக்குப் போனாள்.

"கிரைண்டர் ஆர்டர் பண்ணிட்டேன்" என்று ஒரு நாள் அவர் தன் மனைவி ராஜாத்தி அக்காவிடம் சொன்னார். அக்காவின் பழைய மாவு கிரைண்டர் ஆட்டம் கண்டு பல மாதம் ஆகியிருந்தது. அக்கா பூரித்துப் போனாள். தெரு முழுக்கச் சொன்னாள். பார்சல் வருகிற நாளில், புதுக் கிரைண்டரைச் சும்மா ஓட்டக்கூடாதென்று, தெருவுக்கே இட்லி கொடுக்கிற அளவுக்கு அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டாள். வாசலில் நாங்கள் நாலு பேர் நின்றிருந்தோம். பெட்டி வந்தது. பிரித்தார். பூ ஜாடி உயரத்தில், கைப்பிடி வைத்து ஒன்று வெளியே வந்தது.

அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல உளுந்து எந்தப் பக்கமாங்க போடணும்?"

"இது கொட்டைக்குடி. உள்ள பாரு, கூம்பா ரெண்டு இரும்புப் பல்லு. ஒண்ணு சும்மா நிக்கும், ஒண்ணு சுத்தும். நடுவுல வுழறதெல்லாம் ஒரே சைஸா வெளிய வரும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்களுக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல நான் அப்படித்தாங்க வெளிய வந்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊறிய அரிசி எங்கள் வீட்டு கிரைண்டரில் அரைபட்டது. நாங்கள் இட்லி தின்று களைத்தோம்.

கிரைண்டர் வந்த பிறகாவது நிம்மதி வரும் என்று நினைத்தோம். சிமெண்ட் எவ்வளவு நைஸோ அவ்வளவு ஸ்ட்ராங் என்பது அவர் ஆயுள் முழுக்கப் படித்த பாடம். அதே பாடத்தைக் காபிக்கும் நடத்தினார். கிரைண்டரில் பல் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற திருகை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி அரைத்தார். மெஷினில் போட்டு அழுத்தினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. எழுந்து நின்று அழுத்தினார். ஸ்டூலில் ஏறி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் போட்டார். டொப் என்று ஒரு சத்தம். சீலிங்கில், சாமி படத்தில், அந்த வருஷத்து நாள்காட்டியில் எல்லாம் காபி. பௌர்ணமி எந்தத் தேதி என்று கடைசி வரை அந்த வீட்டில் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. கரடாக அரைத்தால் ஓடும், புளிக்கும். நைஸாக அரைத்தால் அடைக்கும், கசக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்தத் திருகை ஒவ்வொரு 'கிளிக்'காகத் திருப்பித்தான் அந்த இடத்துக்குப் போக வேண்டும். மழை பெய்தால் இடம் மாறும், புதுக் கொட்டை வந்தால் மாறும். தப்பாக அரைபட்டதை எறிய அக்காவுக்கு மனசு வராது. அதை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். திருகை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒரு தடவை தொட்டுவிட்ட மச்சினரோடு சார் தீபாவளி வரை பேசவில்லை. அவர் அழுத்துகிற நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவன் இருமக்கூட முடியாது. இறங்கிய காபிக்குச் சர்க்கரை கேட்டால் கப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பால் கேட்டவர்கள் அந்த வாசலுக்கு மறுபடி வந்ததில்லை.

இந்த நிலவரத்தில்தான் அகிலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது.

பையன் பெயர் கார்த்தி. பெரம்பலூரில் அவளோடு வேலை பார்க்கிறவன். இருவருக்கும் பிடித்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. பையனுக்கு அப்பா இல்லை. திருமழபாடியில் இருக்கிற பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அந்தப் பெரியப்பா, முன்பு தன் அண்ணன் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறிப்போய் வந்ததற்காக எழுந்து வந்தவராம். 'காபியையே ஒழுங்காக் குடுக்கத் தெரியாதவங்க பொண்ணை எப்படிக் குடுப்பாங்க?' என்று கேட்டுவிட்டு பஸ் ஏறியவராம்.

முதல் நாள் அகிலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"சித்தப்பா, நாளைக்கு அப்பாவ அந்த மெஷின் பக்கமே விட்டுடாதீங்க. வந்தவங்களுக்கு ஒரு வாய்க் காபி குடுத்தா அவமானப்படுத்திட்டோம்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்குக் கார்த்திதான் வேணும் சித்தப்பா. இத வுட்டா வேற வழி இல்ல."

நான் காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை போனபோது வீடு பளபளவென்று இருந்தது. வருகிறவர்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள் என்று அக்கா எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்து வெயிலில் கவிழ்த்திருந்தாள். கிரைண்டரையும்தான். திருகு எங்கே நின்றதோ, அந்த இடம் போயே போய்விட்டது. மைக்ரான் சார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

வந்துவிட்டார்கள். பெரியப்பா, பெரியம்மா, கார்த்தியின் அம்மா, கார்த்தி. பெரியப்பாவுக்கு முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை. சொஜ்ஜி போயிற்று, பஜ்ஜி போயிற்று. அகிலாவின் சம்பளம், டியூட்டி எல்லாம் விசாரித்து முடித்தார். அடுத்தது காபி. சமையலறையில் அக்கா ஃபில்டரின் மேல் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, டிகாக்ஷன் இறங்கல."

திறந்து பார்த்தேன். மேலே கறுப்புத் தண்ணீர் குளமாக நின்றது. கீழே ஒரு சொட்டு இல்லை. பதற்றத்தில் அக்கா டப்பாவை மாற்றி எடுத்திருக்கிறாள். தப்பாக அரைபட்ட அந்த மாவுப் பொடி. ஃபில்டரை சிமெண்ட் போட்டுப் பூசின மாதிரி அடைத்துவிட்டது. மறுபடி போட்டு இறக்க அரை மணியாவது ஆகும்.

"டீக்கடையில பார்சல் வாங்கிட்டு வந்துடவா?" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பார்சல் காபியா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "என்னங்க, காபி வருதா? ஜெயங்கொண்டம் போற வேலை ஒண்ணு இருக்கு."

அகிலா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். கதவோரத்தில் அவள் அப்பா நின்றார். முதல் நாள் என்னைக் காவல் வைத்தவளே அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, போடுங்கப்பா."

அவர் அலமாரியைத் திறந்தார். திருச்சிக் கொட்டை பாக்கெட்டின் அடியில் இரண்டு கைப்பிடிக்குச் சற்று அதிகம் இருந்தது. நாலு டம்ளருக்கு இரண்டு தடவை சரியாக இறக்கியாக வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்க வீணாக்குவதற்கு அதிகம் இல்லை. சுற்றுவது நான், அழுத்துவது அவர். முதல் தடவை அடைத்துக்கொண்டது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சொட்டு வரவில்லை. "மூணு கிளிக் வெளிய" என்றார். இரண்டாவது தடவை தண்ணீராக ஓடியது. கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கார்த்தி, "இருங்க பெரியப்பா, வந்துரும்" என்று சொல்வதும் கேட்டது. எனக்குக் கையில் கைப்பிடி வழுக்கியது.

அவர் கொஞ்சம் அரைக்கச் சொல்லிப் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியிலும் மூக்கிலும் வழிந்த வேர்வையை அதே விரல்களால் துடைத்தார். "ஒரே ஒரு கிளிக் உள்ள, தம்பி."

அழுத்தினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு நல்லெண்ணெய் ஒழுகுகிற மாதிரி மெலிசாக, நிதானமாக இறங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவையும் அதே மாதிரி இறங்கியது. பாக்கெட் காலி.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. அந்தக் காபியை நாலு டம்ளரில் பங்கிட்டு, கொதிக்கிற பாலை அவர் கையாலேயே ஊற்றினார். சர்க்கரை போட்டார். நுரை பொங்க ஆற்றி, மகளிடம் தட்டை நீட்டி, "போம்மா, ஆறிடப்போவுது" என்றார்.

நானும் அவரும் நிலைப்படியில் நின்று பார்த்தோம். பெரியப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கிப் பார்த்தார். இன்னொரு வாய். மீசையைத் துடைத்தார்.

"ஏம்மா, இந்தக் காபி நீ போட்டதா?"

அகிலா அப்பாவைத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தாள். அதற்குள் மைக்ரான் சார் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்.

"ஆமாங்க. அவதாங்க போட்டா. எனக்கு அடுப்பப் பத்த வைக்கக்கூடத் தெரியாதுங்க."

தன் காபி பற்றிப் பஸ் கண்டக்டரிடம்கூடப் பெருமை பேசுகிறவர் அவர். பெரியப்பா அவரையே உற்றுப் பார்த்தார்.

"அப்ப உங்க மூக்குல என்னங்க அது, பொடி?"

வேர்வையைத் துடைத்த கையோடு மூக்கு முழுக்கக் காபிப் பொடி அப்பியிருந்தது. மைக்ரான் சார் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அசரவில்லை.

"மூக்குப்பொடிங்க."

பெரியப்பாவின் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. மடியிலிருந்து பொடி மட்டையை உருவினார். "அட, நம்மாளா நீங்க! இந்தாங்க, கும்பகோணத்துச் சரக்கு. போட்டுப் பாருங்க, சம்பந்தி!"

சம்பந்தி என்று சொல்லிவிட்டார். அக்கா உள்ளே கைகூப்பினாள். கார்த்தி அகிலாவைப் பார்த்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

வாழ்நாளில் மூக்குப்பொடியைத் தொடாத மனிதர், நிறைய எடுத்து இழுத்தார். தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்றன்மேல் ஒன்றாகத் தும்மினார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. அகிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். "ஏம்பா அப்படிச் சொன்னீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. "காரமான பொடிம்மா" என்றார்.

கல்யாணம் முடிந்தது. சம்பந்தி எப்போது வந்தாலும் மட்டை நீள்கிறது. இவரும் மறுக்காமல் இழுத்து, தும்மி, கண்ணீர் விட்டு, "பிரமாதமான சரக்குங்க" என்கிறார். காபி போட்டது யார் என்று சம்பந்தியிடம் நானே சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை கிளம்பினேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

எனக்குப் பால் காபிதான் பிடிக்கும். ஆனாலும் காலையில் அடுத்த வீட்டுக் கிரைண்டர் சத்தம் கேட்கக் கொஞ்சம் தாமதமானால், எழுந்து போய் அவர் கதவைத் தட்டுகிற முதல் ஆள் நான்தான்.