டன்வுட் ஊரின் முதல் மனிதர்

முதலில் வந்தவர் என்றொரு இனம் உண்டு. அடையாளம் காண்பது எளிது. நீங்கள் எந்த ஊரில் எந்தத் தெருவில் குடியேறினாலும், வண்டியிலிருந்து சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, நீங்கள் நிற்கிற இடம் முன்பு எப்படி வெறும் புதராகக் கிடந்தது, அந்தப் புதரில் என்னென்ன பாம்புகள் இருந்தன, அவற்றை அவர் குடும்பம் எப்படி ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தியது என்று விவரமாகச் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்காமல் திரும்பிப் போவார். அவர் உங்களை வரவேற்க வரவில்லை. வரிசையில் உங்கள் இடம் எதுவென்று சொல்ல வந்தார்.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும், எங்கள் ஓக்லஹோமாவில் விளைவதுபோல் வேறெங்கும் விளைவதில்லை. காரணம் செம்மண் அல்ல, பிறப்பு. மற்ற மாநிலங்கள் போரிலோ பேரத்திலோ பிறந்தன. இதன் நடுப்பகுதி ஓட்டப்பந்தயத்தில் பிறந்தது. ஓர் ஏப்ரல் மாத நண்பகலில் துப்பாக்கி வெடித்தது. எல்லையில் காத்திருந்த கூட்டம் குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் பாய்ந்தது. எவர் முதலில் போய்க் குச்சி நட்டாரோ அவருக்கு அந்த நிலம். வெடிச்சத்தத்துக்கு முன்பே உள்ளே புகுந்து புதரில் பதுங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘சூனர்’ என்று பெயர். சட்டப்படி அவர்களுக்கு ஒரு பிடி மண் கூடக் கிடையாது. அதற்கெல்லாம் முன்பு நிலம் யாருடையதாக இருந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஓடுகிறவனுக்குக் கேள்வி கேட்க மூச்சு ஏது?

டன்வுட்டில் மாட்டுத் தீவனக் கடை நடத்தும் வெல்டன் டகெட்டின் கொள்ளுத்தாத்தா எஃப்ரைம், அந்த ஓட்டத்தில் வந்து ஊரின் ஊற்றருகே முதல் குச்சியை நட்டவர். இதை வெல்டன் தினமும் காலையில், காபிக்கடையில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார். இளம் வயதில் அவர் சொன்ன கதை அடக்கமானது: எஃப்ரைம் வந்தார், குச்சி நட்டார், பிறகு மற்றவர்கள் வந்தார்கள். வம்பு, எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த இரும்புக்கடை லாய்ட் பினியனால் வந்தது. தன் கொள்ளுத்தாத்தாவும் எஃப்ரைமின் குதிரை வாலைப் பிடிக்கிற தூரத்தில்தான் வந்தார் என்று லாய்ட் ஒருநாள் சொல்லிவிட்டார். மறுநாளே வெல்டனின் கதையில், பினியன் வந்து சேர்ந்தபோது எஃப்ரைமின் குதிரைக்கு வியர்வை உலர்ந்திருந்தது. சில வருடங்களில் எஃப்ரைம் அடுப்பு மூட்டினார். பிறகு பன்றிக்கொழுப்புப் போட்டுக் காராமணி வேக வைத்து, மத்தியானச் சாப்பாட்டை ஊற்றங்கரையிலேயே முடித்தார். லாய்ட் விடவில்லை. ஆமாம், அந்தக் காராமணியில் எங்கள் ஆளும் ஒரு கிண்ணம் சாப்பிட்டார், சூடு கூட ஆறவில்லை என்றார். அதன் பிறகு வெல்டன் தன் கொள்ளுத்தாத்தாவின் சட்டையைத் துவைத்துக் காயப்போட வேண்டியதாயிற்று.

அவர் மனைவி நெவா ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டாள்.

“காய்ஞ்ச காராமணி வேக எவ்வளவு நேரமாகும்னு உனக்குத் தெரியாது வெல்டன். நீ ஒருநாளும் வேக வச்சதில்ல.”

வெல்டன் அதைச் சமையல் சம்பந்தப்பட்ட கருத்தாக எடுத்துக்கொண்டார்.

ஊற்றருகே நினைவுக்கல் வைப்பது என்று ஊர் தீர்மானித்தபோது விஷயம் முற்றியது. கல்லில் ஒரு பெயருக்குத்தான் இடம். லாய்ட் ஆட்சேபித்தார். மேயர் அடா ஸ்லோன் இரண்டு தரப்பையும் கேட்டார். இரண்டு தரப்பும் பேசிய பேச்சில் இரண்டு கூட்டங்கள் முடிந்துபோயின. கடைசியில் வெல்டனே வழி சொன்னார். ஊர் பிறந்த நாளன்று, எஃப்ரைம் புறப்பட்ட அதே தெற்கு எல்லை ஆற்றங்கரையிலிருந்து, அதே நண்பகலில், நல்ல குதிரை ஒன்று புறப்படட்டும். ஊற்றங்கரையில் காராமணியை அடுப்பில் ஏற்றி வைப்போம். எஃப்ரைம் எப்படி வந்தார் என்று ஊரே கண்ணால் பார்க்கட்டும்.

குதிரைக்கு லெட்டா ஃபிக்சிக்கோவைப் பிடித்தார்கள். லெட்டா மஸ்கோகி பழங்குடிப் பெண். அவளிடம் வாங்கிய குதிரையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, விலையைப் பற்றிச் சொல்லாதவரும் இல்லை. ஆற்றில் தண்ணீரில்லாத இடத்திலும் குதிரைக் காலை உள்ளே இழுக்கும் மணல் என்றும், அதைத் தாண்டினால் முட்டி ஆழப் பள்ளங்களும் குட்டை ஓக் மரக்காடும் முப்பது மைலுக்கு உண்டு என்றும் அவள் முன்கூட்டியே சொன்னாள். எஃப்ரைமின் குதிரை வேறு ரகம் என்றார் வெல்டன். லெட்டா சிரிக்கவில்லை. வாடகையில் பாதியை முன்பணமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று ஊரே ஊற்றங்கரைக்கு வந்தது. ஆற்றங்கரையில் துப்பாக்கி வெடித்ததைத் தொலைபேசியில் கேட்டு, வெல்டன் தன் கையாலேயே பானையை அடுப்பில் ஏற்றினார். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெற்கே பார்த்து நின்றார். வாத்தியக் குழு தனக்குத் தெரிந்த பாட்டுகளை வாசித்து முடித்தது. வெண்டைக்காய் வறுவலும் சோள ரொட்டியும் தீர்ந்தன. காராமணி வெந்தது. வாத்தியக் குழு அதே பாட்டுகளை மறுபடி வாசித்தது. பிள்ளைகள் புல்லில் படுத்துத் தூங்கினார்கள். காராமணி அடிப்பிடித்து, அந்த வாடை காற்றில் பரவி, ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கிய பிறகும் வெல்டன் தெற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மர நிழல்கள் சாலையைத் தாண்டி நீண்ட பிறகு லெட்டா வந்தாள். வயிறுவரை சிவப்புச் சேறாக இருந்த குதிரை நடந்து வந்தது. அதற்கு முன்னால் அவளும் நடந்து வந்தாள்.

“ஓடுற வரைக்கும் ஓடிச்சு மிஸ்டர் டகெட். மிச்சத்துக்கு நடந்துச்சு. இதவிட நல்ல குதிரை என்கிட்ட இல்ல. இதுக்குத் தண்ணி வேணும்.”

கூட்டத்தில் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிறு கணக்கு ஓடி முடிவதை வெல்டன் பார்த்தார். முதலில் முடித்தவர் லாய்ட்.

“ஏப்பா வெல்டன், மத்தியானச் சாப்பாடுன்னு சொன்னியே. அப்ப உங்க ஆளு எப்ப கெளம்பினாரு?”

“உங்க ஆளு அதுல ஒரு கிண்ணம் சாப்பிட்டாருன்னு நீதான சொன்ன?” என்றார் வெல்டன்.

லாய்டின் முகத்தில் இரண்டாவது கணக்கு ஓடியது. அவரும் தெற்கே பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த வெல்டன், கூடத்தில் மாட்டியிருந்த எஃப்ரைமின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். கேலி செய்யும் நான் கூட இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தப் படத்து மனிதரை நம்பித்தான் அவர் ஆயுள் முழுக்க நிமிர்ந்து நடந்திருக்கிறார். கடன்காரன் வாசலில் நின்ற வருடத்திலும், மகன் சொல்லிக்கொள்ளாமல் டெக்சாஸ் போன வருடத்திலும், ‘நான் எஃப்ரைம் டகெட்டின் கொள்ளுப்பேரன்’ என்றுதான் காலையில் தொப்பியை எடுத்து மாட்டினார். இப்போது அந்த எஃப்ரைம் ஒன்று வெடிச்சத்தத்துக்கு முன்பே புகுந்த திருடர், இல்லாவிட்டால் சாவகாசமாக வந்து சேர்ந்த யாரோ ஒருவர். எதை எடுத்துக்கொள்வது?

நெவா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எப்பவோ வந்தாரு. வந்ததாலதான நீ இருக்க. அது போதாதா?”

“சாயங்காலமா வந்தாருன்னு சொல்லச் சொல்றியா?”

“சொன்னா என்ன?”

வெல்டன் நெடுநேரம் யோசித்தார். திருட்டைத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தாமதத்தைத் தாங்க முடியவில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, எஃப்ரைம் டகெட் முந்தின நாளே உள்ளே புகுந்து காட்டுப் பிளம் புதரில் பதுங்கியிருந்தவர் என்று அறிவித்தார். குரல் உடைந்தது. கேட்டவர்கள் உருகிவிட்டார்கள். ஒரு காலத்தில் வசவாக இருந்த சூனர் என்ற சொல் இன்று மாநிலத்தின் செல்லப்பெயர் அல்லவா? கைதட்டலும் கிடைத்தது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து அவர் மீதியைச் சொன்னார்: ஆகவே, இந்த வட்டாரத்தில் சட்டத்தை முதலில் மீறியவர் எஃப்ரைம்தான். கல்லில் அவர் பெயரே இருக்க வேண்டும்.

லாய்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அந்தப் புதர்ல ஏற்கெனவே எங்க ஆளு இருந்தாரு. இவங்க ஆளுக்கு நகர்ந்து படுத்து இடம் குடுத்ததே அவருதான்.”

வெல்டன் தன் கொள்ளுத்தாத்தாவை ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுவந்தார். லாய்ட் தன்னுடையவரை முந்தின பனிக்காலத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பின்னோக்கி ஓடுவதைத் தடுக்க முடியாத மேயர், குதிரை வாடகையின் மீதியை வாங்க வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த லெட்டாவைப் பார்த்து, உண்மையில் முதலில் வந்தவர்கள் உன் ஜனங்கள்தானே, நீயே சொல்லிவிடு என்றார்.

“எங்கள எதுக்கு இழுக்கறீங்க மிஸ் அடா? எங்க ஆளுங்களையே அலபாமா பக்கத்துலேருந்து வெரட்டிக் கொண்டாந்து இந்தப் பக்கம் விட்டாங்க. அதுக்கு முன்னாடி விச்சிட்டா ஜனங்க இருந்தாங்க. அவங்களக் கேட்டா அவங்க இன்னும் யாரையாவது காட்டுவாங்க. கல்லு சின்னது. என் பணத்தக் குடுத்தீங்கன்னா நான் கெளம்பறேன்.”

மேயர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வெல்டனும் லாய்டும் தரையைப் பார்த்தார்கள். லெட்டாவின் வண்டி கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும், பனிக்காலம் என்றால் எந்த மாதம் என்று வெல்டன் கேட்டார்.

முடிவில் கல்லின் ஒரு பக்கம் டகெட் என்றும் மறுபக்கம் பினியன் என்றும் செதுக்கினார்கள். சமரசம் ஆகிவிட்டது. கல்லுக்கு முன்பக்கம் எது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. சென்ற பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது, பேருந்து முழுதாக நிற்பதற்குள் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டுவிட்டு, இறங்குகிறவர்களை இடித்துக்கொண்டு ஏறி, அந்த இருக்கையில் அதற்குள் உட்கார்ந்துவிட்ட கிழவரிடம், நான் அப்போதே வந்துவிட்டேன் என்று நியாயம் பேசியவர் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிழவர் எழுந்து நின்றுகொண்டே வந்தாரா என்று மட்டும் தெரிந்தால் போதும்.