பதினொரு குச்சிப் பத்து

"பாவம், அந்தப் பொன்னியோட அப்பாவுக்குக் கழித்தல் கணக்கே வராதாமே."

பள்ளிக்கூட வாசலில் மகளுக்காகக் காத்து நின்றபோது காதில் விழுந்தது. சொன்னவர் எங்கள் கீழ்வீட்டு மரகதவல்லி மாமி; மாமியின் பேரனும் பொன்னி வகுப்புதான். கேட்டவர் ஆரிஃபா, பொன்னியின் வகுப்பில் படிக்கும் இன்னொரு பெண்ணின் அம்மா. இருவரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். முதுகிலேயே அனுதாபம் தெரிந்தது.

பொன்னியின் அப்பா தமிழ்மணி நான்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்த மதிப்பெண் சான்றிதழ் லேமினேட் ஆகி, எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு மேலே தொங்குகிறது. அலுவலகத்தில் எனக்குப் புள்ளிவிவரப் பிரிவு. ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் போய்ச் சேரும்வரை எதிரில் வரும் வண்டிகளின் எண்களைக் கூட்டிக்கொண்டே போகிறவன். எனக்கா கழித்தல் வராது?

வதந்திக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறது. போன வாரம் ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போட்டுக் காட்டினேன்.

"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு. பன்னெண்டாச்சு."

"ஒண்ணுதானேப்பா வாங்குனோம். எப்படிப் பத்து கூடுச்சு?"

"அது அப்படித்தான்."

"ஏன் அப்படித்தான்?"

"எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

இந்த உரையாடலை அவள் வகுப்பில் அப்படியே ஒப்பித்திருக்கிறாள். விளைவு, வாசலில் இரண்டு முதுகுகள்.

வீட்டுக்கு வந்து மனைவி மலர்க்கொடியிடம் அறிவித்தேன். "சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு நான் வரேன்."

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சனிக்கிழமை உங்க ஓய்வு நாளாச்சே."

குத்தல்தான். பள்ளியில் புதிதாகக் கணக்கைக் குச்சி, மணி, புளியங்கொட்டை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். உதவிக்கு வகுப்புக்கு ஒரு பெற்றோர் சனிக்கிழமைதோறும் காலையில் வர வேண்டுமாம். குலுக்கலில் இவள் பெயர் விழுந்தது. என்னைப் போகச் சொல்லிக் கேட்டாள். சனிக்கிழமைக் காலைத் தூக்கம் என் பிறப்புரிமை என்று மறுத்துவிட்டேன்.

"நான் உதவி பண்ண வரல. ஒழிச்சுக் கட்ட வரேன்."

அன்றே ஒரு மனு எழுதினேன். 'குச்சி முறையை நிறுத்தி, வாய்ப்பாட்டு முறையை மீண்டும் கொண்டுவர வேண்டி' என்று தலைப்பு. கீழே, கையெழுத்துப் போட முப்பது வரிசைகளுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு. கோடுகள் பிரமாதமாக வந்தன.

மலர்க்கொடி படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க முறை என்னன்னே தெரியாம எதிர்த்தா, டீச்சர் ஒரே கேள்வியில உங்களை உக்கார வச்சிருவாங்களே."

"அதனால?"

"பத்துப் பத்து குச்சியாக் கட்டு கட்டி நீங்களே எடுத்துட்டுப் போங்க. எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் காட்டி, இதுல ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. அப்புறம் பேச யாருக்கு வாய் வரும்?"

பத்து வருட வாழ்க்கையில் அவள் எனக்குச் சாதகமாகச் சொன்ன முதல் யோசனை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு புதுத் துடைப்பங்களைப் பிரித்து ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கினேன். எண்ணி எண்ணி ரப்பர் பேண்ட் போட்டேன். எங்கள் அப்பாவுக்குப் பாலக்கரையில் அரிசிக் கடை இருந்தது. முதல் படியை அளக்கும்போது 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார். மங்களமாக 'லாபம்' என்பார். குடும்ப வழக்கத்தை நான் விடுவதில்லை. குச்சியையும் அப்படியே எண்ணினேன். இருபது கட்டுகள். மலர்க்கொடி பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன இருமல்கூட இல்லை.

சனிக்கிழமை. வகுப்பறை நிறையப் பெற்றோர்; பின்வரிசையில் மாமியும் மலர்க்கொடியும். எல்லாரும் குழந்தைகளின் பெஞ்சில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தோம். பிரான்சி டீச்சர், "யாராவது வந்து ஒரு கழித்தல் போடறீங்களா?" என்று கேட்டார். அந்த வார்த்தை முடியும் முன் நான் எழுந்துவிட்டேன்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு. கரும்பலகையில் மூன்று நொடி. இருபத்தைந்து. திரும்பி மாமியைப் பார்த்தேன். மாமி தலையை ஆட்டினார்.

"அருமை சார். இப்ப அதையே குச்சியில பார்ப்போமா?"

"தாராளமா. குச்சி நானே கொண்டு வந்திருக்கேன்."

ஐந்து கட்டு, இரண்டு உதிரி. பொன்னியே வந்தாள். ஒரு கட்டைப் பிரித்து உதிரியோடு சேர்த்தாள். அதிலிருந்து ஏழை எடுத்தாள். மிச்சமிருந்த நாலு கட்டில் இரண்டை எடுத்தாள். நிதானமாக எண்ணினாள்.

"ரெண்டு கட்டு, ஆறு குச்சி. இருபத்தாறுப்பா."

"இருபத்தஞ்சு."

"குச்சி இருபத்தாறுன்னு சொல்லுது."

"குச்சிக்கு என்ன தெரியும்? சரியா எண்ணு."

எண்ணினாள். டீச்சர் எண்ணினார். ஆரிஃபா எழுந்து வந்து இன்னொரு கட்டைப் பிரித்து எண்ணினார்.

"என்ன சார், உங்க பத்துல பதினொண்ணு இருக்கு?"

"இருக்கவே இருக்காது. பாருங்க, லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு..."

பாதியில் எனக்கே புரிந்துவிட்டது. அப்பா லாபத்துக்கு அடுத்து 'ரெண்டு' என்று போவார். கடை போன பிறகு எனக்கு மிஞ்சியது வழக்கம் மட்டும்தான்; எண்ணிக்கை மிஞ்சவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்குப் பத்து எண்ணத் தெரியவில்லை என்பது முப்பது பேர் முன்னிலையில் நிரூபணமானது.

"இதைத்தான் சார் நாங்க சொல்ல வர்றோம்," என்றார் டீச்சர், சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டு. "வாய் பத்துன்னு சொல்லும். கையில இருக்கறது என்னன்னு கைக்குத்தான் தெரியும்."

பொன்னி ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குச்சியை உருவினாள். உருவிய இருபதில் புதிதாக இரண்டு கட்டு கட்டினாள். பிறகு ஒரு கட்டை என் கையில் வைத்தாள்.

"இப்ப சொல்லுப்பா. ஒண்ணு கடன் வாங்கினா எப்படிப் பத்தாகுது?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பத்துக் குச்சிகள் மேஜையில் உதிர்ந்தன.

"ஓ," என்றாள் பொன்னி. "அவ்வளவுதானா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா."

பின்வரிசையில் மாமி மலர்க்கொடியின் காதில் ஏதோ சொன்னார். மாமிக்கு ரகசியமாகப் பேச வராது.

"நீ சொன்னபடியே அன்னைக்கு வாசல்ல அவர் காதுல விழறாப்பல சொன்னேனோன்னோ? ஆளைக் கொண்டுவந்து நிறுத்திட்டியே."

மனைவியைப் பார்த்தேன். அவள் என் பையிலிருந்து மனுவை எடுத்துக்கொண்டிருந்தாள். தலைப்பு உள்ளே போகும்படி மேல்பகுதியை அழகாக மடித்தாள். மடிப்பின் கீழே, 'சனிக்கிழமை கணக்கு வகுப்பு, நடத்துபவர் தமிழ்மணி, வர விரும்பும் பெற்றோர்' என்று எழுதினாள். நான் ஸ்கேல் வைத்துப் போட்ட முதல் கோட்டில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தாளை மாமியிடம் நீட்டினாள்.