தீக்குச்சியாரின் முழுகாத டயர்

என் வாழ்நாளில் நான் அதிகமாகத் திட்டிய மனிதர் தீக்குச்சியார்தான். என் கணவருக்கே இரண்டாவது இடம். அதுவும் வெகு தூரம் பின்னால். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்த்த தொண்டை இது. அதன் வலு என்ன என்று ஜவ்வாது மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வலுவில் முக்கால் பங்கு அந்த ஒரு ஆளுக்கே செலவாயிற்று.

அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். நெல்லிவாசல் நாட்டுப் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டி, அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு ஒன்று இருந்தது. முன்பாதியில் அவர். பின்பாதியில் நானும் என் மகள் வசந்தாவும். என் கணவர் செங்கத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சனிக்கிழமை மலையேறி வந்து திங்கட்கிழமை இறங்கிப் போய்விடுவார். கம்பவுண்டருக்குக் குடும்பம் கிடையாது. மோட்டார் சைக்கிள் இருந்தது.

மலையிலிருக்கும் மாட்டுக்கெல்லாம் அந்த வண்டியில் போய்த்தான் ஊசி போடுவார். லீவு கிடைத்தால் மற்றவர்கள் படுத்துத் தூங்குவார்கள். இவர் அதே வண்டியில் கன்னியாகுமரி, காசி என்று கிளம்பிவிடுவார், தன்னந்தனியாக. வண்டி மீட்டரில் எண்கள் தீர்ந்துபோய் இரண்டு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. இரண்டாவது பூஜ்யத்துக்கு வண்டிக்கு மாலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மனிதர்கள் அறுபதாம் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள்.

பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டயரின் பள்ளத்தில் ஒரு தீக்குச்சியைத் தலைகீழாக நடுவார். மருந்துத் தலை பள்ளத்துக்குள் முழுகிவிட்டால் டயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தலை வெளியே தெரிந்தால் தேய்ந்துவிட்டது. இதுதான் அவருடைய விஞ்ஞானம். யாராவது தெரியாமல், "சார், ஒரு குச்சி குடுங்க, பீடி பத்த வெச்சிக்கறேன்" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"யோவ், இது அளவுகோலுய்யா! கொளுத்தறதுக்கா வெச்சிருக்கேன்?"

அப்படித்தான் தீக்குச்சியார் என்ற பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மெக்கானிக் என்று யாரையும் வண்டியைத் தொட விடமாட்டார். திருப்பத்தூரில் யாரோ ஒருவன் எப்போதோ அவரைக் கேட்காமல் ஒரு நட்டை முடுக்கிவிட்டானாம். அன்றிலிருந்து எல்லா வேலையும் வீட்டில்தான். வீட்டில் என்றால் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரில். கருவிகளில் பாதி அவருடையது, பாதி என் சமையலறையுடையது. "டீச்சரம்மா, ஒரு குண்டான் குடுங்க, வெந்நி வெக்கணும்" என்று ஒருநாள் கேட்டார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட ஆயா முனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கம்பவுண்டரு முறுக்கு சுடறாரு, மொத்தத்தையும் கருக வுட்டுட்டாரே!"

போய்ப் பார்த்தேன். என் குண்டானில் கிரீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் வண்டிச் செயின், சுருட்டி வைத்த கறுப்பு முறுக்கு மாதிரி. அவர் என் ஜல்லிக்கரண்டியால் அதைப் பக்குவமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜின் சத்தத்தை மாட்டாஸ்பத்திரி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். பிறகு அதே குழாயை மாட்டின் வயிற்றில் வைப்பார். எங்கள் மலையில் வயிற்றில் கறுப்பு வட்டம் இருந்தால் அது வைத்தியம் பார்த்த மாடு என்று தெரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். முழுகாத விஷயத்தை எப்படி மன்னிப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை. தீக்குச்சியார் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் முகம் வாடி உட்கார்ந்திருந்திருக்கிறார். முனியம்மா, "இன்னா சார் யோசனை?" என்று கேட்டிருக்கிறாள்.

"பின்னாடி முழுகாம இருக்குது முனியம்மா. ரெண்டு மாசமாவே எனக்குச் சந்தேகம்தான். யாருகிட்டயும் சொல்லிக்காதே."

பின்பாதி வீட்டில் இருப்பது நான். முழுகாமல் இருக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாத முனியம்மா சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் மலைக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி முறம் நிறையப் புளியம்பழம். இன்னொருத்தி சாமை மாவு. "வாய்க்கு ருசியா துன்னுங்க டீச்சரம்மா, இந்த வயசுல ஒடம்பு தாங்கணுமில்ல" என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்கள். நான் ஒன்றும் புரியாமல், மலையில் புளி அமோக விளைச்சல் போலிருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கணவர் வந்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்டக்டர் என்கிட்ட ஸ்வீட் கேக்கறான்."

"எதுக்காம்?"

"வூட்ல விசேஷமாமே, சொல்லவேயில்லையே சார்னு கேக்கறான். பஸ்ல எல்லாரும் எழுந்து எனக்கு எடம் குடுத்தாங்க. எனக்கு எதுக்கு எடம் குடுக்கணும்?"

விஷயத்தின் நூலைப் பிடித்து இழுத்தேன். முனியம்மாவில் தொடங்கித் தீக்குச்சியாரில் போய் நின்றது. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பிடித்து வெளியே இழுக்காத குறை.

"பின்னாடி முழுகலைன்னா பின் டயருன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"பின்னாடின்னா டயருதானே டீச்சரம்மா? வேற இன்னா இருக்குது பின்னாடி?"

"நான் இருக்கேன்!"

 அவர் காது மெல்லச் சிவந்ததைப் பார்த்தேன். அன்றுதான் கேட்டேன், தேய்ந்தது தெரிந்தால் மாற்ற வேண்டியதுதானே என்று. "புதுசு வாங்கியாந்துட்டேன், வெச்சிருக்கேன்" என்றார். எட்டிப் பார்த்தால் கட்டிலுக்கு மேலே ஆணியில், வெள்ளை வேட்டி சுற்றி, சாமி படம் மாதிரி மாட்டியிருந்தது. எப்போது போடப்போகிறீர்கள் என்றதற்கு, "வேளை வரட்டும்" என்றார். டயருக்குக்கூட முகூர்த்தம் பார்க்கிற ஆள் என்று தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் போயிற்று. வசந்தாவுக்கு நர்ஸ் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு வந்தது. திருப்பத்தூரில், காலை பத்து மணிக்கு. அது கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று என் கணவர் அவருடைய அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அக்கா மகன்தான். வசந்தா சர்ட்டிபிகேட்டுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அன்று காலை ஆறு மணி பஸ் வரவில்லை. மழையில் எங்கோ கீழே ஸ்பிரிங் பட்டை உடைந்து நின்றுவிட்டதாம். ஊரிலிருந்த ஒரே ஜீப் செங்கம் சந்தைக்குப் போயிருந்தது. நான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தீக்குச்சியாரிடம் கைகூப்பி நின்றேன்.

"சார், நீங்கதான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்."

"அதுக்கின்னாங்க, போவலாம்" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், உள்ளே போய்க் கட்டிலுக்கு மேலிருந்த டயரை இறக்கிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு சார்?"

"பின் டயரை மாத்திட்டுக் கெளம்பறேன்."

"இப்பவா?"

"முழுகல டீச்சரம்மா."

மணி ஆறரை.  என் பேச்சில் மரியாதையெல்லாம் படிப்படியாக இறங்கிற்று. "ஏங்க, நேத்து இதே டயர்லதானே மேல்பட்டு போய்ட்டு வந்தீங்க?" என்றேன்.

"நேத்து நான் ஒருத்தன் போனேன்."

அந்தப் பதிலை நான் காதில் வாங்கவே இல்லை. வாங்கும் நிலையில் இல்லை. அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினைக் கழற்றி, பிரேக் கம்பியைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுத்தார். காற்றை இறக்கி, குதிகாலால் டயர் மேல் ஏறி நின்று மிதித்தார். "தோசைத்திருப்பி ஒண்ணு குடுங்க, டயர் நெம்பற லிவர் ரெண்டு பத்தாது" என்றார். கொடுத்தேன். அதோடு என் தோசைத்திருப்பி வளைந்தது. "மூஞ்சிக்குப் போடற பவுடர் குடுங்க, டியூபுக்குப் போடணும்." என் மகள் தேர்வுக்குப் பூசிக்கொள்ள வைத்திருந்த பவுடரை அப்படியே டியூபுக்குக் கொட்டினார். மல்லிகை வாசனை வீச, டயர், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மணி ஏழே முக்கால். டயரை ஏற்றிக் காற்றடித்தார். பிறகு அசையாமல் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சீறுது."

"என்ன சீறுது?"

"டியூபை லிவர் கடிச்சிடுச்சி. நீங்க காதுகிட்ட கத்துனீங்களா, கை வழுக்கிடுச்சி."

மறுபடி கழற்றினார். என் அண்டாத் தண்ணீரில் டியூபை முக்கினார். குமிழி வந்தது. அதைத் தேய்த்து, பசை தடவி, காயட்டும் என்று ஊதிக்கொண்டு உட்கார்ந்தார்.

"யோவ்! பழைய டயரையே போடுய்யா! என் பொண்ணு வாழ்க்கை போகுதுய்யா!"

இருபது வருஷ ஆசிரியை நான். ஓர் அரசாங்க ஊழியரை 'யோவ்' என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழசு வாணாங்க" என்றார், பசையை ஊதியபடியே. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பைப் பிடுங்கி நானே காற்றடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. வசந்தா பைலை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கி நின்றாள். "அம்மா, நீ திட்டற வேகத்துக்குப் பம்பே வேணாம்" என்றாள்.

எட்டரைக்கு வண்டி கிளம்பிற்று. கிளம்பிற்று என்று சொல்வது உபசாரம். ஊர்ந்தது.

"வேகமா போய்யா!"

"புது டயரு வழவழன்னு இருக்கும் டீச்சரம்மா. கொஞ்ச தூரம் பழக்கிட்டுத்தான் ஓட்டணும்."

முதல் வளைவு வரைக்கும் நான் நடந்தே கூடப் போனேன். நடந்தே திட்டினேன். ஒரு கட்டத்தில் நான் முன்னால் போய்விட்டு அவருக்காக நிற்க வேண்டியிருந்தது. வளைவு தாண்டியதும் அவர் வேகம் எடுத்து மறைந்தார்.

திரும்பி வந்தேன். வாசலெல்லாம் கருவிகள். கோணிப்போன என் தோசைத்திருப்பி. நடுவில் அந்தப் பழைய டயர். ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்தேன். அது புரண்டு விழுந்த இடத்தில் அவருடைய தீப்பெட்டி கிடந்தது. இந்த ஆளுடைய விஞ்ஞானத்தை இன்று நானே பார்க்கிறேன் என்று குச்சியை எடுத்து டயரில் நட்டேன்.

நிற்கவில்லை. விழுந்துவிட்டது. வேறு இடத்தில் நட்டேன். அங்கேயும் விழுந்தது. தலை முழுகுவது இருக்கட்டும், குச்சி நிற்கவே அந்த டயரில் பள்ளம் இல்லை. நடுவில் ரப்பர் போய் நூல் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வழுக்கைத் தலையைத் தடவுவது போல இருந்தது.

மூன்று மாதம். 'பின்னாடி முழுகாம இருக்குது' என்று அவர் சொல்லி, ஊர் என்னைப் பார்த்துச் சிரித்து, மூன்று மாதம். இந்த டயரில்தான் அந்த மலைப்பாதையில், மழையில், தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். தலைக்கு மேலே புதுசு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. 

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். பத்து இருபதுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்களாம். எழுத்து வரிசைப்படி கூப்பிட்டதால் வசந்தா கடைசி, தப்பித்தாள். இடமும் கிடைத்தது, கடிதம் பின்னால் வந்தது. அவள் வாய் ஓயாமல் பேசினாள். "அம்மா, ஏழாவது வளைவுல ரோடு மேல செம்மண் சேறு வழிஞ்சு கெடந்துது. வண்டி பின்பக்கம் பள்ளத்துப் பக்கமா அப்படியே போய்டுச்சி. போய்ட்டு, டக்குனு நின்னுச்சி. கம்பவுண்டர் மாமா திரும்பிக்கூடப் பாக்கல. 'புடிச்சிக்கிச்சி'ன்னார். அவ்ளோதான்."

 கண்ணை மூடினால் அந்தச் சேற்றில் நூல் தெரிந்த அந்தப் பழைய டயர்தான் சுழல்கிறது. ஒரு நாள் என் மகள் பின்னால் இருக்கிறாள். மற்ற நாளெல்லாம் யாரும் இல்லை, அவர் மட்டும்.

பழைய டயரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன்.

"இதுலயா மூணு மாசமா ஓட்டினே?"

திருட்டு முழி முழித்தார். "ஆளு யாராச்சும் ஏறினா புதுசு போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேங்க."

"இத்தனை வருஷத்துல உன் வண்டியில யாரு ஏறியிருக்கா?"

"இன்னைக்குப் பாப்பா ஏறிச்சே" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அன்று நான் கத்தியதுதான் என் வாழ்நாளிலேயே பெரிய கத்தல். ஐந்து மணிக்குத் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் கத்தினேன். முனியம்மா வந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி கத்தினேன். உன் தலைக்கு ஒரு குச்சி அளவு மதிப்புக்கூடக் கிடையாதாய்யா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு என் தோசைத்திருப்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அது கடைசிவரை நிமிரவில்லை.

இரண்டு சக்கர வண்டி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், முழங்காலை ஒட்டிப் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "எங்க போவணும் டீச்சரம்மா?" என்றார். "எங்கயாவது போய்த் தொலை" என்றேன். அவருக்கு மாற்றல் வரும்வரை, மூன்று வருஷம், வாரம் தவறாமல் ஏறினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, போக வர திட்டிக்கொண்டே. பின்னால் ஒரு ஆள் இருந்தால்தானே அந்த மனுஷன் டயர் மாற்றுவார்.