மாடி அறைக்கு அக்ரிமென்ட்

அன்று காலை வக்கீல் குமாஸ்தா ஒரு சபதம் எடுத்தார். மாடி அறை இனித் தனக்கு. தனக்கு மட்டும்!

ஊரார் வீட்டு வாடகை ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தவர் அவர். சொந்த வீட்டிலோ உட்கார ஒரு மூலை கிடையாது. நாற்காலியில் மூத்தவளின் பொம்மைகள் குடியிருந்தன. கட்டில், சின்னவனுக்குக் கப்பல். நல்ல காலம், மாடியில் குடியிருந்தவர் வேலை மாற்றலாகிக் காலி செய்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் குமாஸ்தாவே வாடகைக்கு இருந்த அறை அது. கொடியில் துணி உலர்த்துகிற சாக்கில் ஓனர் மகள் மாடியேறுவாள். தோளில் நாலு துணி, கையில் ஒரு டம்ளர் காபி. துணி காய்வதற்குள் டம்ளர் காலியாகிவிடும். அவள்தான் இப்போது அவர் மனைவி. அப்பா எழுதி வைத்ததில் வீட்டுக்கும் அவளே சொந்தக்காரி.

"என்னங்க, மாடியை வாடகைக்கு விடணுமே?"

"விட்டாச்சு."

"யாருக்கு?"

"எனக்கு! இந்தா அக்ரிமென்ட். பிள்ளைங்க மாடிப்படி ஏறக்கூடாது. சத்தம் கூடாது. எதுக்கும் என்னைக் கூப்பிடக்கூடாது. நீ ஓனர், நான் குடித்தனக்காரன். அவ்வளவுதான் உறவு."

"வாடகை?"

"புருஷன்கிட்டயே வாடகையா?"

"இப்பத்தானே குடித்தனக்காரன்னீங்க?"

வாடகைக்குப் பதில் அவர் தினமும் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதாகப் பேசி முடித்தார்கள். அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாடியில் பாயை விரித்தார். ஆஹா! அதே ஜன்னல். அதே காற்று. சாயங்காலம் ஆனதும் நாக்கு நமநமத்தது. கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, காபி!"

"குடித்தனக்காரங்களுக்குக் காபி குடுக்கறதா அக்ரிமென்ட்ல எங்க சார் இருக்கு?"

அந்த 'சார்' கல் மாதிரி வந்து விழுந்தது.

"அப்பல்லாம் குடுத்தியே!"

"அப்ப நீங்க அக்ரிமென்ட் போடலியே!"

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். தோளில் துணி, கையில் டம்ளர். குமாஸ்தாவுக்கு வயசு பாதியாகக் குறைந்தது. கையை நீட்டினார். அவளோ ஜன்னலோரம் உட்கார்ந்து தானே உறிஞ்சினாள்.

"அப்பல்லாம் நீங்க வேலை முடிஞ்சு சைக்கிள்ல வர்றது இங்கிருந்து பாத்தாதாங்க தெரியும். தெருமுனை திரும்பினதும் கீழ ஓடிப்போயி, எதுவும் தெரியாத மாதிரி நிப்பேன்."

"என் ரூம்லயா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே!"

"கேட்டாத்தானே. கல்யாணத்துக்கப்புறம் இங்க ஒரு நாள் உக்காரல. எனக்கும் ஒரு மூலை வேணும்னு இருக்காதா?"

குமாஸ்தா வெண்ணெயாய் உருகினார்.

"ஆமா, ஓனர் வீட்டைத் திருப்பிக் கேக்கணும்னா உங்க ஆபீஸ்ல என்ன காரணம் எழுதுவாங்க?"

சட்டக் கேள்வி என்றால் குமாஸ்தாவுக்கு முன்பின் யோசனை வராது.

"வாடகை பாக்கி அது இதுன்னா வருஷக்கணக்கா இழுக்கும். 'சொந்த உபயோகத்துக்கு'ன்னு எழுதிட்டா கதை முடிஞ்சுது. எத்தனை பேரைக் கிளப்பியிருக்கோம் தெரியுமா!"

"அப்படியா?" கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, அவள் பாயில் சாவகாசமாகக் காலை நீட்டினாள்.

"சொந்த உபயோகத்துக்கு வேணுங்க. தலைகாணியை மட்டும் விட்டுட்டுப் போங்க."