ஐந்து போல்ட்டும் ஒரு செருமலும்

எங்கள் பக்கம் வாய் திறக்காதவனை நல்ல மனுஷன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே நான் பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். உண்மை வேறு. வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம்தான் எனக்கு. அந்தப் பயத்தால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அருப்புக்கோட்டையில் விசைத்தறிகளுக்குப் பழுது பார்ப்பது என் தொழில். படிப்பு பத்தாவது. பொழுதுபோக்கு பழைய பட்டாள ஜீப். (சிலர் புறா வளர்க்கிறார்கள், சிலர் சீட்டு ஆடுகிறார்கள். என்னை மட்டும் ஏன் எல்லோரும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.)

காரியாபட்டிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் அது கிடந்தது. பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்டு, நாலைந்து கை மாறி, கடைசியில் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை இழுத்து வந்தேன். நாலு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின. பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஒரு பச்சை, அதற்குக் கீழே மண் நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை. பானெட்டில் பழைய பட்டாள எண் மங்கலாகத் தெரிந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிடைக்காத புஷ் வளையங்களை நானே லேத்தில் கடைந்தேன்.

"வீட்டுக் கிரைண்டரு ரெண்டு மாசமா சுத்தல. இவுக பட்டாளத்துக்கு வண்டி ரெடி பண்றாக" என்று என் மனைவி செல்வி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த ஜீப்பைப் பற்றி என்னிடம் எதைக் கேட்டாலும் சொல்வேன். (கேட்டால்.) உதாரணமாக, அதன் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இடமரை. வலமரை போட்ட மற்ற நட்டுகள் எந்தப் பக்கம் திருகினால் கழலுமோ, அந்தப் பக்கம் திருகினால் இது இறுகும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடாமலிருக்க அந்தக் காலத்து ஏற்பாடு. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அன்றைக்கு எனக்கும் நன்றாக நினைவிருந்தது. அதுதான் கொடுமை.

ஏழு வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகளுக்குத் திருச்சுழியில் கல்யாணம். மாப்பிள்ளை நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பட்டாளத்தில் வேலை. (சமையல் பிரிவு. கரண்டியைத் தவிர வேறு ஆயுதம் எடுத்ததில்லை என்று அவரே சொல்வார்.)

"அண்ணே, பட்டாளத்து மாப்பிள்ளைக்குப் பட்டாள ஜீப்பு! நீயே போயி அழச்சிட்டு வந்துரு" என்றாள் தங்கை.

நாலு வருடமாக என் ஜீப்பை ஓட்டை உடைசல் என்று சொன்ன குடும்பம் முதல்முறையாக அதைக் கேட்கிறது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளுக்குள் குதித்தேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை முன் சீட்டில் பட்டு வேட்டியும் மாலையுமாக ஏறினார். பின்னால் அவருடைய தாய்மாமன் முத்துக்காளை ஏறினார். ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. கனத்த உடம்பு, கனத்த குரல், ஊரில் மூன்று டிராக்டர். பெண்ணுக்குத் தாய்மாமன் நான், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் அவர். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போடாமல் தாலி ஏறாது. அதாவது யார் இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்காதோ, அந்த மூன்று ஆண்களும் ஒரே ஜீப்பில் இருந்தோம். இதை யாரும் யோசிக்கவில்லை. உறவுக்காரர்கள் ஏறிய வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின.

பாதி வழியில் முத்துக்காளை கேட்டார்: "சம்பந்தி, இதுல நாலு சக்கரமும் இழுக்குமாமே? நெசமா?"

பதில் சொல்ல எனக்கு வாய் எதற்கு? கியர் லிவருக்குப் பக்கத்திலிருந்த சின்ன லிவரைத் தள்ளினேன். ரோட்டை விட்டு இறங்கினேன். வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஒரு வட்டம் அடித்து, செங்குத்தான கரையில் நேராக ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். மாப்பிள்ளை கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"அடேயப்பா! சம்பந்தி, நீங்க வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன்!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார் முத்துக்காளை. என் வாழ்க்கையின் மிக உயர்ந்த நிமிடம் அது. சுமார் ஒரு நிமிடம்தான் இருந்தது.

கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல முள். பின் பக்க இடது டயர் உட்கார்ந்துவிட்டது.

எனக்குப் பதற்றமே இல்லை. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, பத்து நிமிட வேலை. வீல் ஸ்பேனரை எடுத்தேன். முத்துக்காளை அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நல்லாருக்கே! பொண்ணு வீட்டுக்காரவுக கையில மசி ஒட்ட விட்டா, நாளைக்கி ஊரு எங்களக் காறித் துப்பாது? நீங்க நெழல்ல நில்லுங்க."

சட்டையைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரத்தடியில் குந்தினார். ஸ்பேனரை மாட்டினார். வழக்கமாக எல்லோரும் திருகும் பக்கம் திருகினார்.

நான் செருமினேன்.

"தூசியா சம்பந்தி? தண்ணி குடிங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன். மரியாதைக்காக மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து 'தப்பு' என்று பெண் வீட்டுக்காரன் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் கட்ட ஆரம்பித்தேன். 'வந்துங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்கிறாதீக' என்பது வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குள் அவர் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து ஓர் ஆள் உயர இரும்புக் குழாய் கொண்டுவந்து ஸ்பேனரில் சொருகி, அதன் மேல் ஏறி நின்றுவிட்டார்.

டங்!

முதல் போல்ட் ஒடிந்தது.

"பூராம் துருப் பிடிச்சிருக்கு" என்றார்.

துருவா! ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, விரலால் திருகி மாட்டியவன் நான். ரோஷம் பொங்கியது. பலமாகச் செருமினேன். இரண்டாவதும் ஒடிந்தது.

மூன்றாவதில் மாப்பிள்ளை மெல்ல, "மாமா, வேற பக்கம் சுத்திப் பாப்பமா?" என்றார்.

"ஏலே, நீ சோத்தக் கிண்டுறதோட நிறுத்து. நட்டு எந்தப் பக்கம் கழலும்னு எனக்குச் சொல்றியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். (மேகம் இல்லை.) நான்காவது ஒடிந்தபோது அவர் குழாயில் குதித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதுக்கு ஊஞ்சல் ஆடினார். பிறகு சக்கரம் தானாகவே கழன்று அவர் மடியில் விழுந்தது.

"பாத்தீகளா, கழண்டுருச்சு!" என்று எழுந்து நின்றார். முகமெல்லாம் வெற்றி. ஸ்டெப்னியை உருட்டி வந்தார். தூக்கினார். மாட்டப் போனார். மாட்ட ஒன்றுமில்லை. ஐந்து மொட்டைத் தழும்புதான் இருந்தது.

அப்போது மணி ஒன்பதே முக்கால்.

மண்டபத்துக்குப் போன் அடித்தோம். மேளமும் மைக்செட்டும் போட்ட சத்தத்தில் ஏழு பேருக்கு அடித்தும் ஒருவரும் எடுக்கவில்லை. வழியில் ஒரு பஸ்ஸும் இல்லை. கடைசியில் வந்தது கரி மூட்டை லோடு ஏற்றிய லாரி. மாலையோடு மாப்பிள்ளை நடுரோட்டில் நிற்பதைப் பார்த்து டிரைவர் இறங்கினார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"எந்தப் பயய்யா இதக் கழட்டுனது? இடது பக்கம் இடமரைல்ல? எங்க பழைய லாரிக்கெல்லாம் இப்பிடித்தான். வண்டி யாரோடது?"

நான் கையைத் தூக்கினேன்.

"ஒமக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். அன்று காலையிலிருந்து நான் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை.

முத்துக்காளை ஐந்து நட்டையும் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். "சம்பந்தி. மொத போல்ட்டு ஒடியும்போதே தெரியுமா?"

"ஸ்பேனர எடுக்கும்போதே தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"செருமினேன்" என்றேன்.

லாரி கேபினில் ஓர் இடம்தான் இருந்தது. அதில் மாப்பிள்ளை. தாய்மாமன்கள் இருவரும் மேலே கரி மூட்டைகள்மீது குப்புறப் படுத்துக்கொண்டு போனோம். திருச்சுழி வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. (எனக்கு அது பழக்கம். அவருக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.)

பத்து இருபதுக்கு மண்டப வாசலில் லாரி நின்றது. இறங்கிய எங்களைப் பார்த்ததும் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் கன்னத்தில் பட்டையாகக் கரி. ஆரத்தித் தட்டோடு நின்ற ஒரு பெண், "திருஷ்டிப் பொட்டு தனியா வேணாம்டி" என்று தட்டைக் கீழே வைத்தாள். என் தங்கை அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என் கையை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். கை கழுவ நேரமில்லை. நான் போட்ட மாலை பாதிக் கறுப்பு. ஆல்பத்தில் மணப்பெண்ணின் பட்டுச்சேலைத் தோளில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். தாலி பத்தரைக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஏறியது.

செல்வி என்னைத் திட்டவில்லை. "வாயத் தொறக்கலேன்னா பரவால்ல. கையையாவது ஆட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போல்ட்டுகளை மாற்றக் கண்மாய்க்கரைக்குப் போனேன். முத்துக்காளை எனக்கு முன்பே வந்து, ஜீப்புக்கு முள் வேலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அன்று ஒவ்வொரு நட்டுக்கும் என்னைக் கேட்டார்: "இந்தப் பக்கமா? வாயத் தொறந்து சொல்லுங்க!" சொன்னேன். இப்போது மாதம் ஒரு ஞாயிறு என் ஜீப் ஷெட்டில்தான் இருக்கிறார். ஜீப்பில் அவருக்குத் தெரியாத மரை கிடையாது.

போன மாதம் அந்தத் தம்பதியின் குழந்தைக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோனார். கூட்டம் அமைதியாக இருந்தது. சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறி நான் லேசாகச் செருமிவிட்டேன்.

"ஆசாரி, நிப்பாட்டு!" என்று முத்துக்காளை கத்தினார். ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. "எங்க சம்பந்தி செருமிட்டாக! எதுனாலும் கேட்டுட்டுக் குத்து!"

மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

"ஒண்ணுமில்லங்க. வலமரைதான். குத்துங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.